கடலுக்குள் காற்றாலை அடித்தளம்: எந்தக் கருவியை எடுப்பது?

கடல் காற்றாலைத் திட்டம் எதை எடுத்தாலும், அடித்தளக் கருவி பற்றிய பேச்சு கிரேனில்தான் தொடங்கும். எத்தனை டன் தூக்கும், எந்த மாதம் காலியாக இருக்கும், ஒரு நாள் வாடகை என்ன? இதைத் தப்பென்று சொல்ல முடியாது. 2000 டன் எடையுள்ள மோனோபைலை, அதாவது அடித்தளமாகக் கடலடியில் இறக்கும் பெரிய எஃகுக் குழாயை, கையாளக்கூடிய கப்பல்கள் உலகத்தில் கொஞ்சம்தான். அவற்றின் நாட்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் கப்பலைப் பிடித்துவிட்டு அதற்கேற்ற, குழாயை அடித்து இறக்கும் சுத்தியலைத் தேடி, அந்தச் சுத்தியலுக்கு ஒத்துவருமா என்று கடைசியில் மண்ணைப் பார்ப்பது தலைகீழ் வேலை.

கருவிகளை ஒப்பிட நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: பைல், அதாவது அந்தக் குழாய், பாதியில் நின்றுவிட்டால், இந்தக் கருவியோடு அடுத்து என்ன செய்ய முடியும்? நல்ல நாளில், நல்ல மணலில் எல்லாக் கருவியும் வேலை செய்யும். விற்பனைக் கையேடுகள் காட்டுவதும் அந்த நாளைத்தான். வித்தியாசம் தெரிவது மற்ற நாட்களில்.

1991-ல் டென்மார்க்கின் விண்டெபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை வந்தபோது, 450 கிலோவாட் காற்றாலைகள் பதினொன்றையும் கான்கிரீட் அடித்தளங்கள் தம் எடையாலேயே தாங்கி நின்றன. யாரும் எதையும் அடித்து இறக்கவில்லை. 2002-ல் அதே நாட்டின் ஹார்ன்ஸ் ரெவ் 1 பண்ணையில் 80 காற்றாலைகள் மோனோபைல் மீது நின்றன. மோனோபைல் என்பது ஒரே ஒரு பெரிய எஃகுக் குழாய். ஒரு முனை மண்ணில், மறு முனை நீருக்கு மேலே. இன்று ஐரோப்பாவில் நட்டிருக்கும் அடித்தளங்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வகைதான். அதனால் இந்த ஒப்பீட்டிலும் அதற்கே அதிக இடம்.

சுத்தியல்: சத்தமானது, ஆனால் பேசும்

ஹைட்ராலிக் சுத்தியல்தான் இந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. 4000 கிலோஜூல் வகைச் சுத்தியல்கள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. அதையும் தாண்டியவை வந்துவிட்டன. 200 டன் இரும்பை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் கிடைக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட அவ்வளவு. அதை நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை என்று ஒரு பைலுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் அடிக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தளத்தில் படுத்திருக்கும் பைலைக் கிரேன் நிமிர்த்துகிறது. கப்பலின் விளிம்பில் வளையம்போல இருக்கும் கிரிப்பர் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பைல் கடலடியைத் தொட்டதும் தன் எடையிலேயே சில மீட்டர் இறங்கி நிற்கிறது. அப்போது சாய்வை அளக்கிறார்கள். வழக்கமாக நிறுவும்போது அனுமதிக்கும் சாய்வு கால் பாகை அளவுதான். நூறு மீட்டர் பைலுக்கு அது தலைப்பகுதியில் சுமார் 44 சென்டிமீட்டர் விலகல். அந்த எல்லைக்குள் வந்த பிறகுதான் சுத்தியலை மேலே உட்கார வைப்பார்கள். முதல் அடிகள் மெதுவாகவே விழும். பக்கத்தில் நீந்தும் உயிரினங்கள் விலகிப் போகட்டும் என்பது ஒரு காரணம். பைல் இன்னும் உறுதியாக நிற்கவில்லை, சாய்வைத் திருத்த இதுவே கடைசி வாய்ப்பு என்பது இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு மீட்டர் உள்ளே போன பிறகு சாய்வை மாற்றுவது யாராலும் நடக்காத காரியம்.

சுத்தியலின் உண்மையான பலமாக நான் நினைப்பது அதன் விசையை அல்ல, அது தரும் தகவலை. ஒவ்வொரு 25 சென்டிமீட்டருக்கும் எத்தனை அடி விழுந்தது என்ற கணக்கு மண்ணின் எதிர்ப்பை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. ஆய்வுக் கப்பல் எடுத்த, கூம்பை மண்ணில் அழுத்திப் பார்க்கும் கூம்புச் சோதனை ஒரு புள்ளியில் மட்டும் மண்ணைத் தொட்டுப் பார்த்தது. பைலோ தன் முழு விட்டத்தாலும் ஆழம் முழுவதும் சோதனை செய்துகொண்டே போகிறது. பின்னாளில் காற்றாலை சாயுமா, அசையுமா என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஆவணம் இருக்கும்.

பாதியில் நின்றால்? ஆற்றலைக் கூட்டலாம், ஓரளவுக்கு. அடிக்க அடிக்க எஃகு களைத்துப் போகும். அந்தக் களைப்பை வடிவமைப்பாளர் காற்றாலையின் ஆயுள் கணக்கிலேயே கழித்து வைத்திருப்பார். அவர் ஒதுக்கிய அடிகளுக்கு மேல் போனால், இருபத்தைந்து ஆண்டு ஆயுளிலிருந்து கடன் வாங்கி அடிப்பதாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது குழாயின் உள்ளே துளையிட்டு மண்ணை எடுத்துவிட்டு மறுபடி அடிப்பது. ஆகவே சுத்தியலுக்கு மாற்று வழி உண்டு, ஆனால் விலை அதிகம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தை வெளியாட்கள் அவ்வளவாக அறிவதில்லை. கெட்டியான மேல் அடுக்குக்குக் கீழே மெத்தென்ற களிமண் இருந்தால், பைல் திடீரென்று பிடிப்பை விட்டுவிட்டுப் பல மீட்டர் தானாகவே ஓடிவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் சுத்தியலும் கூடவே போகும். கிரேனின் கம்பிவடம் தொய்வாக இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் ஒரே நொடியில் கொக்கியில் விழும். இறங்காத பைல் பணத்தைத்தான் தின்னும். ஓடும் பைல் ஆட்களைக் காயப்படுத்தும், கிரேனை உடைக்கும். மண் அறிக்கையில் இப்படி ஒரு அடுக்கு தெரிந்தால் சுத்தியலை மட்டும் நம்பி ஒப்பந்தம் போடக் கூடாது.

சத்தத்தின் விலை

நீருக்குள் சுத்தியல் எழுப்பும் ஒலி சிறிய விஷயம் இல்லை. பாலூட்டிகளான கடல் பன்றிகள் ஒலியை வைத்தே இரை தேடுகின்றன. அந்தக் காது கெட்டால் பிழைப்பே கெட்டது. ஜெர்மனியில் பைலிலிருந்து 750 மீட்டர் தூரத்தில் ஒரு அடியின் ஒலி வெளிப்பாடு, அதாவது அதன் மொத்த ஒலி ஆற்றலின் அளவு, 160 டெசிபலைத் தாண்டக் கூடாது, உச்ச அழுத்தம் 190-ஐத் தாண்டக் கூடாது. டெசிபல் கணக்கில் பத்து குறைப்பது என்றால் ஒலி ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காக்குவது. பெரிய பைலைத் தடுப்பு எதுவும் இல்லாமல் அடித்தால் இந்த வரம்புக்குள் நிற்பது நடக்காது.

ஆகவே சுத்தியலோடு ஒரு துணைப்படையும் வருகிறது. முதலாவது குமிழித் திரை. துளையிட்ட குழாயைக் கடலடியில் பைலைச் சுற்றி வட்டமாக விரித்து, தனிக் கப்பலில் வரிசையாக நிற்கும் கம்ப்ரசர்களிலிருந்து காற்றை அனுப்புகிறார்கள். எழும் குமிழிச் சுவர் ஒலியைச் சிதறடிக்கிறது. ஒரு வளையம் போதாவிட்டால் இரண்டு. நீரோட்டம் வேகமாக இருந்தால் குமிழிகள் சாய்ந்து சுவரில் ஓட்டை விழும். ஆழம் கூடக் கூட, அழுத்தத்தால் காற்று சுருங்கி, அதே பலனுக்கு அதிகக் காற்று வேண்டியிருக்கும். இரண்டாவது, பைலைச் சுற்றி இரட்டைச் சுவர் கொண்ட எஃகுக் குழாயை இறக்குவது. நீரோட்டம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதையும் தூக்கக் கிரேன் வேண்டும், பைலின் விட்டம் பெரிதாக ஆக அதுவும் பெரிதாகிறது.

அமெரிக்காவின் வைன்யார்ட் விண்ட் 1 திட்டத்தில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்துக்காக ஜனவரி முதல் ஏப்ரல் முடிய பைல் அடிக்கவே தடை இருந்தது. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால், மிச்ச நாட்களிலும் ஒரு பகுதியைக் கடல் கொந்தளிப்பு எடுத்துக்கொள்ளும். சுத்தியலின் வாடகையை மட்டும் பார்த்து இதுதான் மலிவு என்று சொல்பவர்கள் கம்ப்ரசர் கப்பலையும் இந்த இழந்த மாதங்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மற்ற கருவிகள் அவ்வளவு விலை உயர்ந்தவையாகத் தெரியாது.

அதிர்வுக் கருவி

வைப்ரோ என்று அழைக்கும் இந்தக் கருவி அடிப்பதில்லை, நடுக்குகிறது. எதிரெதிராகச் சுழலும் சமநிலையற்ற எடைகள் நொடிக்கு இருபது தடவை அளவில் பைலை மேலும் கீழும் உலுக்க, சுற்றியுள்ள மணல் பிடியைத் தளர்த்துகிறது. பைல் தன் எடையில் இறங்குகிறது. நல்ல மணலில் இறங்கும் வேகம் ஆச்சரியப்படுத்தும். சுத்தியல் மணிக்கணக்கில் செய்வதை இது நிமிடக் கணக்கில் முடித்துவிடும். சத்தமும் குறைவு. ஆனால் தொடர்ச்சியான சத்தம். ஜெர்மனியின் வரம்பு ஒற்றை அடிக்கு வகுத்தது, ஆகவே அதே அளவுகோலை இதற்கு அப்படியே வைக்க முடியாது என்பதை அனுமதி விண்ணப்பம் எழுதும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

ஹெல்கோலாண்ட் தீவுக்கு அருகே 38 காற்றாலைகளோடு 2022-ல் வந்த காஸ்காசி பண்ணையில் வணிக அளவில் மோனோபைல்களை வைப்ரோவால் இறக்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கருவியைப் பற்றிய பேச்சு சோதனை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. வைப்ரோ மண்ணின் எதிர்ப்பைப் பற்றிச் சுத்தியல் அளவுக்குத் தெளிவாக எதுவும் சொல்வதில்லை. அடி எண்ணிக்கை இல்லை. உலுக்கித் தளர்த்திய மணல் பழைய இறுக்கத்துக்கு எவ்வளவு திரும்பும் என்ற கேள்வியும் நிற்கிறது. சான்றளிக்கும் நிறுவனம் இதைத்தான் முதலில் கேட்கும். கெட்டிக் களிமண்ணிலோ இது சீக்கிரமே கையை விரித்துவிடும்.

என்னைக் கேட்டால் வைப்ரோவின் பெரிய அனுகூலம் வேகமும் இல்லை, அமைதியும் இல்லை, அதன் பிடிதான். சுத்தியல் பைலின் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வைப்ரோவின் கவ்விகளோ பைலின் விளிம்பைக் கடித்துப் பிடித்திருக்கின்றன. மேலே கிரேன் கொக்கி. மெத்தென்ற அடுக்கு வந்தாலும் பைல் ஓடாது, கொக்கியில் தொங்கிக்கொண்டே இறங்கும். சாய்ந்துவிட்டால் மேலே இழுத்துத் திரும்ப நடலாம். சுத்தியலிடம் இந்த வசதி அறவே கிடையாது. பாதியில் நின்றாலும் பதில் எளிது: வைப்ரோவைக் கழற்றிவிட்டுச் சுத்தியலை வைத்து மிச்சத்தை அடிக்க வேண்டும். மேல் பகுதியை வைப்ரோ, கடைசி மீட்டர்களைச் சுத்தியல் என்று முதலிலேயே திட்டமிட்டால், ஓட்டத்திலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது, கடைசியில் அடி எண்ணிக்கை ஆவணமும் கிடைக்கிறது, சத்தத்தின் மொத்த நேரமும் குறைகிறது. கப்பல் தளத்தில் இரண்டு பெரிய கருவிகளுக்கு இடம் வேண்டும், மாற்றும் நேரம் வேண்டும். கலவையான மண்ணில் அந்தச் செலவு தகும்.

உறிஞ்சு வாளி

இது மோனோபைலே இல்லை. எஃகுக் குழாய்களைச் சட்டம்போல இணைத்த மூன்று கால் ஜாக்கெட்டின் ஒவ்வொரு காலடியிலும் கவிழ்த்த எஃகு வாளி ஒன்று. வாளியின் விளிம்பு மண்ணில் கொஞ்சம் பதிந்ததும் உள்ளேயிருக்கும் நீரைப் பம்ப் வெளியேற்றுகிறது. வெளி நீரின் அழுத்தம் வாளியை அமுக்குகிறது. 9 மீட்டர் விட்டம் என்றால் மூடியின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மீட்டர். ஒரு பார் (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அளவு அழுத்த வேறுபாடே சுமார் 650 டன் எடையை மேலே ஏற்றியதற்குச் சமம். ஆழம் கூடினால் கிடைக்கக்கூடிய அழுத்தமும் கூடும். கருவி என்று பார்த்தால் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மட்டுமே. அடிக்கும் சத்தம் அறவே இல்லை. ஒரு கால் வேகமாக இறங்கினால் அந்தப் பம்பை மட்டும் மெதுவாக்கிச் சாய்வைத் திருத்தலாம்.

ஜெர்மனியின் போர்க்கும் ரிஃப்கிரண்ட் 2-ல் 56 அடித்தளங்களில் இருபது இந்த வகை. ஸ்காட்லாந்தின் சீகிரீனில் 114 காற்றாலைகளும் இதில்தான் நிற்கின்றன. 2023-ல் அங்கே கிட்டத்தட்ட 59 மீட்டர் ஆழத்தில் ஒன்றை இறக்கினார்கள்.

பாதியில் நின்றால் என்ன என்ற என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தரும் கருவி இல்லை. பம்பைத் திருப்பி நீரை உள்ளே தள்ளினால் வாளி மேலே வரும். நகர்த்தி வேறு இடத்தில் வைக்கலாம். இருபத்தைந்து ஆண்டு கழித்து அகற்றும்போதும் அதே வழிதான். மோனோபைலைப் போல வெட்டிவிட்டு அடியை மண்ணிலேயே விட வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் இதை எடுப்பதில்லை? பாறாங்கல் ஒன்று வாளியின் மெல்லிய விளிம்பில் தட்டினால் போதும், விளிம்பு மடங்கிவிடும். மண் அடுக்கடுக்காக இருந்தால் களிமண்ணின் கீழுள்ள மணலுக்கு உறிஞ்சல் சரியாகப் போய்ச் சேராது, உள்ளே மண் உப்பிக்கொள்ளும். ஜாக்கெட்டைக் கட்டுவதோ ஒவ்வொரு மூட்டையும் வெல்டிங் செய்யும் வேலை. ஒற்றைக் குழாயை உருட்டி வெல்டிங் செய்வதைவிட அது எத்தனையோ மடங்கு மெதுவு. நிறுவுவதில் மிச்சம் பிடித்த பணம் பட்டறையிலேயே போய்விடும். ஆழமான நீர், ஒரே சீரான மண் ஆகிய இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டும் இதை முதல் தேர்வாக வைப்பேன்.

பாறையில் கதை வேறு. பிரான்சின் சென் நசேரில் மோனோபைல்களுக்குப் பாறையைத் துளைத்து இடம் செய்தார்கள். துளைக்கும் எந்திரம் மெதுவாகத்தான் போகும். ஆனால் அங்கே அதற்குப் போட்டியே கிடையாது. அதே நாட்டில் ஃபேகாம் திட்டம் 71 கான்கிரீட் அடித்தளங்களைத் துறைமுகத்தில் கட்டி எடுத்துப்போய் உட்கார வைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 5000 டன். சத்தமே இல்லை, ஆனால் அவ்வளவு கான்கிரீட்டை வார்த்து அடுக்கி வைக்கத் துறைமுகத்தில் இடமும், கடலடியைச் சமப்படுத்தும் வேலையும் தேவை. இந்த இரண்டிலும் கருவிகளை ஒப்பிட எதுவுமில்லை, தளமே தீர்மானித்துவிடும்.

இனி கப்பல்

ஜாக்-அப் கப்பல் தன் கால்களைக் கடலடியில் ஊன்றித் தன்னையே நீருக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. கிரேன் அசையாது, கிரிப்பர் அசையாது. பைலின் சாய்வைப் பிடிப்பது சுலபம். 2022-ல் வந்த வோல்டேர் கப்பல் 3200 டன் தூக்கும், 80 மீட்டர் ஆழம்வரை வேலை செய்யும். குறை என்னவென்றால், மண்ணின் ஆபத்து இப்போது இரண்டு இடத்தில் வந்துவிடுகிறது. பைலுக்கு ஆகாத மெத்தென்ற அடுக்கு கப்பலின் காலுக்கும் ஆகாது. கெட்டி மேல் அடுக்கைக் கால் குத்திக்கொண்டு கீழே போனால் கப்பலே சாயும். ஒவ்வொரு காற்றாலைக்கும் கால்களை இறக்கி, சுமை ஏற்றிச் சோதித்து, வேலை முடிந்ததும் பிடுங்கி எடுக்கும் நேரமும் இருக்கிறது.

மிதக்கும் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. ஓர் இடத்திலிருந்து அடுத்ததற்கு விரைவாகப் போகும். 5000 டன் கிரேன் கொண்ட ஓரியனும் லெஸ் அலிஸேயும் இந்த வகை. ஓரியனின் வரலாறு ஒரு பாடமும்கூட: 2020 மே மாதம் ரோஸ்டாக் துறைமுகத்தில் சோதனைச் சுமையைத் தூக்கும்போது கொக்கி முறிந்து கிரேன் பின்புறமாகச் சரிந்தது. 2022-ல் பால்டிக் கடலின் ஆர்காடிஸ் ஓஸ்ட் 1-ல் அதே கப்பல் பெரிய மோனோபைல்களை மிதந்தபடியே நட்டது.

மிதக்கும் கப்பலில் எல்லாமே கிரிப்பரின் கையில். பைல் தன் காலில் நிற்கும் வரை, அலையில் கப்பல் ஆடினாலும் பைல் ஆடக் கூடாது. கிரிப்பர் ஹைட்ராலிக் கைகளால் ஒவ்வொரு நொடியும் ஈடுகட்டிக்கொண்டிருக்க வேண்டும். கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் உந்துவிசை அந்த நேரத்தில் தவறினால் கப்பல் பைலையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே மிதக்கும் கப்பலை எடுப்பவர் கிரேனின் டன் கணக்கைவிட கிரிப்பர் இதுவரை என்ன அலையில், எந்த விட்டத்தில் வேலை செய்திருக்கிறது என்ற பதிவைத்தான் முதலில் கேட்க வேண்டும். இடையில் ஒரு வகையும் உண்டு. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்துக்காகக் கட்டிய ஸ்வானென், இரட்டை உடல் கொண்டது, நங்கூரங்களில் நின்று வேலை செய்வது. பாலத்துண்டுகளைத் தூக்கப் பிறந்தது இன்று மோனோபைல் நடுகிறது. தளத்தில் பைல்களை அடுக்கிக்கொண்டு போக அதற்கு வசதி இல்லை. பைல்கள் தனியே வந்து சேர வேண்டும். ஒரே பகுதியில் நிறையப் பைல்கள், நீரோட்டம் அதிகமில்லாத கடல் என்றால் இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆழம் 40 மீட்டருக்குள், நல்ல மணல் என்றால் நான் ஜாக்-அப்பும் சுத்தியலும் எடுப்பேன், இரட்டைக் குமிழித் திரையோடு. அடியில் மெத்தென்ற களிமண் என்றால் மிதக்கும் கப்பல், வைப்ரோவில் தொடங்கிச் சுத்தியலில் முடிப்பது.

இரண்டிலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். சுத்தியலின் அடிப்பகுதியில் பைல் தலையைச் சூழும் உறையும், சுத்தியலுக்கும் பைலுக்கும் நடுவில் உட்காரும் ஆன்வில்லும் அந்தத் திட்டத்தின் பைல் விட்டத்துக்கென்றே செய்தவை. மாற்றுச் சுத்தியல் இருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், அதே விட்டத்துக்கு உறையும் ஆன்வில்லும் இருக்கின்றனவா, எந்தத் துறைமுகத்தில், எத்தனை நாளில் கப்பலுக்கு வந்து சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.